ராடா, கீசரா?

கேள்வி: பேத்திக்கு ஒன்றரை வயது, ஓடத் தொடங்கிவிட்டாள். வாளியில் ராட் போட்டுத்தான் வெந்நீர் வைக்கிறோம். கீசர் வாங்கலாம் என்கிறான் மகன். ஐ.எஸ்.ஐ. ராடு இருக்க வீண் செலவு எதற்கு என்கிறார் என் வீட்டுக்காரர். கடையிலோ 3 லிட்டர் இன்ஸ்டன்ட் போதும் என்கிறார்கள். எதை வாங்க?
- ஒரு பாட்டி, திருச்சி

பதில்: நான் மகன் கட்சி. ராடுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்தான். ஆனால் அந்த முத்திரை ராடுக்குத்தான், வாளிக்கு இல்லை. சாதாரண ராடில் தெர்மோஸ்டாட், அதாவது சூடு ஏறியதும் தானே அணைக்கும் கருவி, கிடையாது. அணைக்க மறந்தால் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும். அதுவும் தரையில், பேத்தி எட்டிப் பார்க்கத் தோதான உயரத்தில். பிடித்து இழுக்க வயர் வேறு.

3 லிட்டர் இன்ஸ்டன்ட் சமையலறைக்குச் சரி. பெரும்பாலானவற்றில் சூட்டைக் குறைக்கும் குமிழ் இருக்காது. வெளியே குமிழ் உள்ள 15 லிட்டர் ஸ்டோரேஜ் கீசராகப் பாருங்கள். கடைக்காரர் ஸ்டார், தள்ளுபடி, டிஸ்ப்ளே என்று அடுக்குவார். நீங்கள் அந்தக் குமிழைக் கேளுங்கள். பல கீசர்களில் அது 75 டிகிரி வரை போகும். நீங்கள் 50-ஐத் தாண்டாதீர்கள். 60 டிகிரி நீர் பெரியவர் தோலையே சுமார் 5 நொடியில் ஆழமாகச் சுட்டுவிடும். 50 டிகிரியில் அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். குழந்தைத் தோல் மெல்லியது, இன்னும் சீக்கிரம் வேகும். கீசரின் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே உள்ள சி.எம்./எல். எண்ணை (உரிம எண்) 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். 2000 வாட் என்பதால் 16 ஆம்பியர் பிளக்கும் சரியான எர்த்தும் வேண்டும். அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கீசர் வந்தாலும் வாளி போகாது, அதுதான் சங்கடம். முதலில் பச்சைத் தண்ணீர், அதன் மேல் வெந்நீர். இந்த வரிசை மாறவே கூடாது. முழங்கையை விட்டுப் பார்த்த பிறகே பிள்ளையை உள்ளே கூப்பிடுங்கள்.

தப்பித்தவறிச் சுட்டுவிட்டால் தோசை மாவு, பற்பசை, பேனா மை எதுவும் வேண்டாம். ஐஸும் கூடாது. துணியைக் களைந்து, குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள்.

கீசர் மாட்டும் வரை? குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கம், உங்கள் தோள் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடச் சொல்லுங்கள். ராட் வாளியில் இருக்கும்வரை அது திறக்கக் கூடாது.