சயாமுக்குப் போனவர்கள்

அன்புள்ள ஐயா,

என் மகன் அடுத்த மாதம் தேசிய சேவைக்குப் போகிறான். பள்ளி கிரிக்கெட் அணியில் ஆடியவன். இரண்டு வருஷத்தில் ஆட்டமே மறந்துவிடும் என்று முகம் வாடிக் கிடக்கிறான். ராணுவத்தில் இருந்துகொண்டே முதல்தர கிரிக்கெட் ஆடியவர்கள் உண்டா? ஸ்வான்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் பிடிபட்டு, சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போட்ட வெள்ளைக்காரக் கைதிகளோடு கிடந்தபோதும் ஒரு கிரிக்கெட் புத்தகத்தை விடாமல் வைத்திருந்தாராம். மூன்றே முதல்தர ஆட்டம் ஆடியவரை ஆட்டக்காரர் என்று சொல்லலாமா? எங்கள் மாமனாரும் சயாம், ரயில் என்று ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பார். அவருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது.

க., ஈசூன்

அன்புள்ள க.,

முதலில் உங்கள் மகனுக்கு. ஹேமு அதிகாரி இந்திய ராணுவத்தில் லெப்டினன்ட் கர்னல். 1936-37இல், 17 வயதில் ரஞ்சிக் கோப்பையில் இறங்கியவர். நடுவில் போர் வந்தது. முதல் டெஸ்ட் ஆடும்போது வயது 28. 1959இல் டெல்லியில் வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக இந்திய அணித் தலைவராக இறங்கி 63, 40 என்று எடுத்தபோது வயது 39. இரண்டு வருஷத்தில் கை எதையும் மறந்துவிடாது, பையனைத் தைரியமாக அனுப்புங்கள்.

மூன்று ஆட்டம் போதுமா என்ற கணக்குக்குள் நான் வரவில்லை. ஸ்வான்டன் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் அணிக்கு ஆடினார், பதிவில் இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பல நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்வான்டனின் படைப்பிரிவு இங்கே வந்து இறங்கியது 1942 ஜனவரிக் கடைசியில். பிப்ரவரி 11 அவருடைய 35ஆவது பிறந்தநாள். நான்காம் நாள் சிங்கப்பூர் சரணடைந்துவிட்டது. அவர் கையிலிருந்தது 1939ஆம் ஆண்டு விஸ்டன், கிரிக்கெட் ஆட்டக் கணக்குகளைத் தொகுத்து ஆண்டுதோறும் வரும் புத்தகம். ஜப்பானியத் தணிக்கையில் ஆபத்தில்லாதது என்று முத்திரை வாங்கியது. கைமாறிக் கைமாறிக் கட்டு விட்டுப்போனதும், நச்சுவாயு மேலங்கித் துணியை அரிசிப் பசையால் ஒட்டி மறுபடி அட்டை போட்டார்கள். அது இன்று லார்ட்ஸ் மைதான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எவனோ ஒருவன் பூஜ்யத்தில் அவுட்டானதுகூட அதற்குள் பத்திரமாக இருக்கிறது.

சரி, இப்போது உங்களைத் திட்ட வேண்டும். 'ரயில் பாதை போட்ட வெள்ளைக்காரக் கைதிகள்' என்று எப்படி அம்மா எழுத மனம் வந்தது? சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போடவைத்த 415 கிலோமீட்டர் பாதை அது. போர்க் கைதிகளில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறக்குறைய 7,000 கல், பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, தேதி. அவர்களுக்காகவும் என் மனம் கனக்கிறது. ஆனால் அதே பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் 90,000 பேர் என்பது ஒரு மதிப்பீடு. அதில் மலாயாத் தோட்டங்களிலிருந்து லாரியில் ஏற்றிப்போன நம் ஆட்கள் எத்தனை ஆயிரம்! எத்தனை என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் யாரும் எழுதி வைக்கவில்லை. தோட்டத்தில் பால்மரம் சீவியபோது கிராணியின் (தோட்டத்துக் கணக்கரின்) செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், தினமும் பெயர் விழுந்தது. சயாமில் விழவில்லை. குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. காலராவில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். நாமே 'வெள்ளைக்காரக் கைதிகள்' என்று எழுதினால் அவர்களை வேறு யார் எழுதுவார்கள்?

என் தாத்தா ஜொகூரிலிருந்து போய்த் திரும்பி வந்தவர். இடது கெண்டைக்காலில் புண் ஆறிய குழி ஒன்று இருந்தது, என் கட்டைவிரல் உள்ளே போகும். சாயங்காலம் தைலம் தேய்த்துவிடுவேன். அப்போது கண்ணை மூடிக்கொண்டு, "எங்க லயத்துலேருந்து பதினோரு பேருடா" என்று தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து போனவர்களை ஒவ்வொரு பெயராகச் சொல்வார், எப்போதும் அதே வரிசையில். சில நாள் நாலாவது பெயரில் நின்றுவிடுவார். நான் காலை மாற்றச் சொல்வேன். பள்ளி நோட்டு பக்கத்திலேயே கிடக்கும், பென்சிலும் கிடக்கும். எழுதவில்லை. இன்று எனக்கு இரண்டு பெயர்தான் ஞாபகத்தில் இருக்கிறது. அந்த இரண்டும் பதினொன்றில் எத்தனையாவது என்று தெரியவில்லை.

மாமனார் 'ஏதோ' சொல்கிறார் என்று இனிமேல் எழுதாதீர்கள். அப்போது அவர் பத்து வயதுப் பையனாக இருந்திருப்பார். யாரையோ லாரியில் ஏற்றியதைப் பார்த்திருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்காருங்கள். போனில் பதிவு செய்யுங்கள், தாளிலும் எழுதுங்கள். எந்தத் தோட்டம், யார் யார், யார் திரும்பவில்லை என்று கேளுங்கள். களைத்துப்போனால் விட்டுவிட்டு மறுநாள் கேளுங்கள். அப்புறம், உங்கள் மகனையும் கூட உட்கார வையுங்கள். முகாமுக்குப் போகுமுன் அவன் கையாலேயே எழுதட்டும். கிடைக்கும் பெயர்களை எனக்கு அனுப்புங்கள்.