மருந்து பூசியும் பேன் திரும்பி வருவதேன்?

கேள்வி: என் மகள்மார் இருவரும் தரம் 5இலும் தரம் 2இலும் படிக்கிறார்கள். கடந்த மாதம் இருவர் தலையிலும் பேன் கண்டு, பாமசியில் வாங்கிய மருந்தைப் பூசி முழுக வார்த்தேன். இரண்டு வாரத்தில் மீண்டும் பேன். மண்ணெண்ணெய் தேய்த்துத் துணியால் கட்டினால் ஒரே இரவில் ஒழியும் என்கிறார், இளையவளோடு ஒரே கட்டிலில் படுக்கும் என் மாமி. தலைமயிரைக் கட்டையாக வெட்டச் சொல்கிறார் கணவர். வீட்டைத் துப்புரவாக வைத்திருந்தும் இப்படி நேர்வது வெட்கமாக இருக்கிறது. — ஒரு தாய், வெள்ளவத்தை.

பதில்: முதலில் அந்த மண்ணெண்ணெய்ப் போத்தலை அப்புறப்படுத்துங்கள். அது தலைத்தோலைப் புண்ணாக்கும். ஒரு தீப்பொறி பட்டால் நேரக்கூடியதைச் சொல்லவும் வேண்டுமா? கரப்பானுக்கு அடிக்கும் மருந்தைப் பிள்ளையின் தலையில் அடிப்பவர்களும் இருக்கிறார்கள், அதுவும் வேண்டாம்.

வெட்கப்பட இதில் எதுவுமில்லை. பேனுக்கு வேண்டியது இரத்தமேயன்றி அழுக்கன்று. அது பாய்வதுமில்லை, பறப்பதுமில்லை. தலையும் தலையும் முட்டும்போது ஊர்ந்து மாறுகிறது. பாடசாலை வானில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உறங்கும் பிள்ளைகளுக்கு அது தொற்றுவதில் வியப்பென்ன?

உங்கள் வீட்டில் பெரும்பாலும் நேர்ந்தது இதுதான். பெர்மெத்ரின் போன்ற மருந்துகள் ஊர்ந்து திரியும் பேனைக் கொல்லுமேயன்றி, மயிரோடு ஒட்டியிருக்கும் ஈரை அழிப்பதில்லை. ஈர் 7 முதல் 10 நாளுக்குள் பொரிக்கும். பொரித்த குஞ்சு முட்டையிடும் பருவத்தை அடைய ஏறத்தாழ இன்னும் அவ்வளவு நாள் எடுக்கும். ஆகவே ஒன்பதாம் நாளளவில் மறுபடியும் பூசினால், முதல் தடவை தப்பிய ஈர்கள் அநேகமாகப் பொரித்திருக்கும், ஆனால் அந்தக் குஞ்சுகள் முட்டையிடத் தொடங்கியிரா. இந்த இரண்டாம் தடவையைத்தான் பல வீடுகளில் தவறவிடுகிறார்கள். உங்கள் கடிதத்திலும் அதைப் பற்றிய பேச்சில்லை. மருந்து பூசி 8 முதல் 12 மணிநேரம் கழிந்தும் பேன்கள் முன்போலவே ஓடித் திரிந்தால், அம்மருந்துக்கு அவை மசியவில்லை என்று கொண்டு, மருந்தாளரிடம் வேறு வகை கேளுங்கள்.

மருந்தோடு சீப்பும் வேண்டும். ஈரத் தலையில் கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி, பற்கள் நெருங்கிய பேன்சீப்பை அடிமயிரிலிருந்து நுனிவரை இழுத்து, ஒவ்வோர் இழுப்புக்கும் அதை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். காதின் பின்புறத்தையும் பிடரியையும் விடாதீர்கள். பொடுகு தட்டினால் உதிரும்; ஈர் மயிரில் சாய்வாக ஒட்டிக்கொண்டு அசையாது. இரண்டு மூன்று நாளுக்கொருமுறை, இரண்டு மூன்று வாரம் இதைத் தொடருங்கள்.

இனி மாமியின் விடயம். முதல் முறை பேன் பிடித்தவருக்குக் கடி தோன்ற 4 முதல் 6 வாரம்கூடச் செல்லும் என்பதால், அவர் சொறியவில்லை என்பதைக் கொண்டு அவர் தலையில் பேனில்லை என்று முடிவு செய்ய இயலாது. நரைத்த தலையில் வெள்ளை ஈர் கண்ணிற் படுவதும் கடினம். பேத்திகளுக்குப் பேன் பார்க்கும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள்; பிறகு, "மாமி, நீங்களும் ஒருக்கா இருங்கோ, நான் பார்த்துவிடுறன்" என்று கேட்டால் மனம் நோகமாட்டார். உங்கள் தலையையும் கணவரின் தலையையும் பார்த்து, பேன் உள்ள அனைவருக்கும் ஒரே நாளில் மருந்திடுங்கள்.

தலையை விட்டு விழுந்த பேன் ஓரிரு நாளுக்குமேல் பிழைக்காது. மெத்தையை வெயிலுக்குச் சுமக்க வேண்டியதில்லை. தலையணை உறைகளையும் துவாய்களையும் சுடுநீரில் தோய்த்தால் போதும். மயிரை வெட்டினால் சீப்பு இழுப்பது சற்று இலகுவாகும், அவ்வளவுதான். மகள் விரும்பாவிட்டால் வெட்டாதீர்கள்.

பாடசாலையை நிறுத்த வேண்டாம். ஆனால் அதே வானில் செல்லும் பிள்ளைகளின் தாய்மாருக்குச் சொல்லிவிடுங்கள். அவர்களும் அதே வாரத்தில் பார்க்காவிட்டால் உங்கள் பாடு வீணாகலாம். சொறிந்த இடம் சீழ்பிடித்தாலோ பிடரியில் நெறி கட்டினாலோ வைத்தியரிடம் காட்டுங்கள்.