வாழ்க்கைப் பாவனை விளையாட்டுகளில் பாலினமும் உறவும்: கேள்வி பதில்

கேள்வி (கோண்டாவில்): அண்ணா, மனிதரை உருவாக்கி வாழவைக்கும் கணினி விளையாட்டான சிம்ஸில் இரண்டு பெண்கள் திருமணம் செய்யலாமா?

பதில்: செய்யலாம். 2000 இல் வெளிவந்த முதற் பாகத்திலேயே ஒருபாற் காதலுக்கு இடமிருந்தது. 2004 இல் வந்த இரண்டாம் பாகம் ஒருபால் இணையரை ஒன்றிணைய விட்டாலும் அதற்குத் திருமணம் என்ற பெயரைக் கொடுக்கவில்லை. 2009 இன் மூன்றாம் பாகம் அந்த வேறுபாட்டை நீக்கியது.

கேள்வி (சாவகச்சேரி): நான் திருநம்பி. என்னைப் போன்ற ஒருவரைச் சிம்ஸ் 4 இல் உருவாக்க முடியுமா?

பதில்: முடியும், தம்பி. 2016 ஜூன் மாதத்து மேம்படுத்தலுக்குப் பின்னர் உடலமைப்பு, உடை, குரல், நடை, கருத்தரிக்கும் இயல்பு ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே தெரிவுசெய்யலாம். 2023 ஜனவரியில் மார்பை இறுக்கும் உள்ளாடையும் மார்பு அறுவைச் சிகிச்சைத் தழும்பும் சேர்க்கப்பட்டன. உங்கள் உடலை மறைக்காமலே ஒரு கதையைத் தொடங்க இவை இடமளிப்பதால், இந்தச் சிறு தெரிவுகளை நான் பெரிதாக மதிக்கிறேன். மேம்படுத்துவதற்கு முன் சேமிப்புக் கோப்புறையைப் பிரதியெடுத்து வையுங்கள்.

கேள்வி (நல்லூர்): ஸ்டார்டியூ வலி (Stardew Valley) என்ற பண்ணை வாழ்க்கை விளையாட்டில் மணம்புரியக்கூடிய 12 பேரும் எந்தப் பாலினத்தவரையும் ஏற்கின்றனர். அதுதானே முழுமையான சமத்துவம்?

பதில்: கதவு எல்லோருக்கும் திறந்திருப்பது நல்லது. ஆனால் அங்கே அந்தப் பன்னிருவரில் ஒருத்தியான லியாவின் முன்னாள் துணையைக் கவனியுங்கள்: நீங்கள் பெண்ணாக விளையாடினால் அவர் பெண், ஆணாக விளையாடினால் ஆண். லியாவின் கடந்தகாலமே உங்களுக்கேற்ப மாறுகிறது. அவளுக்கென்று ஒரு விருப்பம் இல்லை. உங்கள் விருப்பமே அவளுடையதாகிறது.

மறுகேள்வி (நல்லூர்): அப்படியானால் பாத்திரங்கள் நம்மை நிராகரிக்க வேண்டும் என்கிறீர்களா? நிராகரிப்பு வெளியிலே போதுமான அளவு கிடைக்கிறது.

பதில்: உங்கள் வேதனை நியாயமானது, ஆறுதலுக்காக விளையாடுபவருக்கு ஸ்டார்டியூவின் வழியே பொருந்தும். ஆயினும், பெண்களை மட்டுமே விரும்பும் ஒரு பெண்ணை அந்த அமைப்பு ஒருபோதும் காட்டமாட்டாது. 2022 ஜூலையில் சிம்ஸ் 4 பாலீர்ப்பைத் தெரிவாக்கியபோது, யார்மீது ஈர்ப்பு, புதிய ஈர்ப்புகளை நாட விருப்பமுண்டா, உடலுறவில் விருப்பமுண்டா என்பவற்றைப் பிரித்துக் கேட்டது. காதல் வேண்டும், உடலுறவு வேண்டாம் என்பவரும் அதனால் அங்கே வாழலாம். காதலே வேண்டாம் என்பவரும் வாழலாம். யார் எதை விரும்புகிறார் என்பது விளையாட்டின் இயக்கத்துக்குள் இருந்தால்தான் அவர் ஓர் ஆள். இல்லாவிட்டால், 2014 இல் மேற்கில் வெளியான டொமொடாச்சி லைஃப் என்ற விளையாட்டைப் போல ஒருபாற் காதலை முற்றாக மறுத்து, எதிர்ப்பு எழுந்தபின் அதன் நிறுவனமான நிண்டெண்டோ மன்னிப்புக் கேட்கும் நிலை ஒருபுறம். எவரும் எவருக்கும் ஆகலாம் என்ற வெறுமை மறுபுறம். முதலாவதே பெருங் கொடுமை என்பதில் எனக்கு ஐயமில்லை.

கேள்வி (பருத்தித்துறை): இரண்டு ஆண்கள் சிம்ஸில் மணம்புரியலாமா?

பதில்: முதற் பதிலைப் பாருங்கள்.

கேள்வி (மானிப்பாய்): களவுப் பிரதியில் இந்தத் தெரிவுகள் வருமா?

பதில்: சிம்ஸ் 4 இன் அடிப்படை விளையாட்டு 2022 ஒக்டோபர் முதல் இலவசம், களவுப் பிரதியைத் தேட வேண்டாம். மொட்களை, அதாவது விளையாட்டை மாற்றப் பிறர் செய்த சேர்க்கைகளை, போடுபவர்களும் சேமிப்பைப் பிரதியெடுங்கள் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (வேலணை): இவற்றை விளையாடுவது இலங்கையில் குற்றமா?

பதில்: ஒருபாலுறவுக்கு எதிராகப் பயன்படும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் மனிதரின் செயல்களைப் பற்றியவை, விளையாட்டைப் பற்றியவை அல்ல. அதற்கு மேல் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

கேள்வி (நல்லூர்): எனக்கு இன்னும் உடன்பாடில்லை.

பதில்: இரண்டு வழியையும் ஒரே விளையாட்டில் வைக்கலாம் என்பதைச் சிம்ஸ் 4 காட்டியிருக்கிறது: ஈர்ப்பு அமைப்பைத் தொடாமல் விட்டால் எல்லோரும் முன்போலவே எவரையும் நாடலாம். நீங்கள் அப்படி விளையாடுங்கள்; சாவகச்சேரித் தம்பி விரும்பினால் ஒவ்வொன்றையும் நிரப்பட்டும்.