பெண்ணிய வெளியுறவுக் கொள்கை: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

"சுவீடனே கைவிட்டுவிட்டது, இனி இது செத்துப்போன விஷயம்தானே" என்று போன வாரம் ஒருவர் கேட்டார். அதற்கு நான் நீளமாக எழுதப் போய், "இதைக் கேள்வி பதிலாகவே வைத்துவிடுங்களேன்" என்று நாலு பேர் சொல்லிவிட்டார்கள். சரி, வைத்தாயிற்று, கேட்டவர்கள் வைத்துக்கொண்ட புனைபெயர்களோடு. நான் தூதரோ பேராசிரியரோ இல்லை. மனித உரிமை உடன்படிக்கைகள் தொடர்பான அறிக்கைகளை மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. அதனால் காற்புள்ளி, அடைப்புக்குறி மேலெல்லாம் எனக்குக் கொஞ்சம் அதிகப் பாசம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுவரவு: முதலில் இது என்னங்க? பெண்கள் வெளியுறவு அமைச்சர் ஆவதா?

இல்லை. 2014-ல் சுவீடனில் வெளியுறவு அமைச்சரான மார்கோட் வால்ஸ்ட்ரோம்தான் இந்தப் பெயரை முதலில் ஓர் அரசின் கொள்கையாக அறிவித்தார். உரிமை, பிரதிநிதித்துவம், வளங்கள் என்று மூன்று அளவுகோல் வைத்தார். வெளியுறவுத் துறை எதைச் செய்தாலும், ஒப்பந்தமோ உதவித்தொகையோ, இந்த மூன்றிலும் பெண்களுக்கு என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் கனடா 2017-ல் தன் வெளிநாட்டு உதவிக் கொள்கைக்கு இந்தப் பெயரைச் சூட்டியது. பிரான்ஸ் 2019, மெக்சிகோ 2020, ஸ்பெயின் 2021, ஜெர்மனியும் சிலியும் 2023 என்று வரிசை நீண்டது. 2022 அக்டோபரில் ஆட்சி மாறியதும் சுவீடன் அந்தப் பெயரை எடுத்துவிட்டது. 2025-ல் கனடாவின் பிரதமரும் எங்கள் கொள்கையை அப்படி அழைக்க மாட்டேன் என்றார்.

பெயர் போனதற்காக அழவும் வேண்டாம், பெயர் வந்ததற்காகக் கைதட்டவும் வேண்டாம். பேனா யார் கையில், பணப்பெட்டி யார் கையில் என்று பாருங்கள். இதை இன்று இன்னும் பத்து தடவை சொல்வேன்.

அரைத்தூக்கம்: பெண்கள் ஆண்டால் போரே வராது என்கிறார்களே, உண்மையா?

1971-ல் இந்திரா காந்தி, 1973-ல் கோல்டா மேயர், 1982-ல் மார்கரெட் தாட்சர். மூன்று பேர் பதவியில் இருந்தபோதும் மூன்று போர் நடந்தது. பெண் என்றால் பிறவியிலேயே சாந்தம் என்று நம்புகிறவர்கள் பெண்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு அவர்களைப் பூஜையறையில் உட்கார வைக்கிறார்கள்.

ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் வேறு ஆட்கள் உட்கார்ந்தால் வேறு விஷயங்கள் மேசைக்கு வருகின்றன. அதற்கு ஆதாரம் இருக்கிறது. வட அயர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1996-ல் சமாதானப் பேச்சுவார்த்தைக்கு ஆள் அனுப்ப ஒரு தேர்தல் வைத்தார்கள். அதற்கென்றே அவசர அவசரமாக மகளிர் கூட்டணி என்று ஒரு கட்சி கிளம்பியது, கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் இரு பக்கப் பெண்களும் சேர்ந்து. கிடைத்த ஓட்டு சுமார் ஒரு சதவீதம்தான், ஆனால் தேர்தல் விதி அப்படி அமைந்திருந்ததால் மேசையில் இரண்டு இடம் கிடைத்தது. மோனிகா மெக்வில்லியம்ஸும் பெர்ல் சேகரும் போய் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் ஆயுதம், கைதி, எல்லை என்று பேசிக்கொண்டிருக்க, இவர்கள் பாதிக்கப்பட்டவர்களுக்கு என்ன வழி, பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கும் பள்ளி உண்டா, மக்கள் கலந்து வாழும் குடியிருப்பு உண்டா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1998 ஒப்பந்தத்தில் இதெல்லாம் எழுத்தில் ஏறியது.

மறுபக்கத்தையும் பாருங்கள். 2020 பிப்ரவரியில் தோஹாவில் அமெரிக்காவும் தாலிபானும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் நாலு பக்கம்தான், உட்கார்ந்த இடத்திலேயே படித்துவிடலாம். அதில் 'பெண்' என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. அடுத்த வருடம் என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பரீட்சைக்காய்ச்சல்: ஐ.நா. தீர்மானம் 1325 பற்றி ஒரு பக்கத்துக்கு நோட்ஸ் தர முடியுமா?

முடியாது. பெண்கள், அமைதி, பாதுகாப்பு பற்றிய அந்தத் தீர்மானமே மொத்தம் நாலு பக்கம், செயல்பாட்டுப் பத்திகள் 18. நோட்ஸ் படிக்கிற நேரத்தில் அசலைப் படித்துவிடலாம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: 2000 அக்டோபர் 31 அன்று பாதுகாப்பு சபையில் அது நிறைவேறியபோது தலைமையில் இருந்தது நமீபியா. அதற்கு முன் மே மாதம் அந்த நாட்டின் தலைநகர் விண்ட்ஹுக்கில் போட்ட பிரகடனம்தான் இதற்கு அச்சாரம். ஐரோப்பா கண்டுபிடித்த சரக்கு என்று விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள்.

மஞ்சள்வெயில்: கல்யாணம் பண்ணிக்கொள்ளத் தூதரகப் பெண் அதிகாரி அரசிடம் அனுமதி வாங்கணும்னு ஒரு விதி இருந்ததாமே? அம்மா சொன்னாங்க, நம்ப முடியல.

அம்மா சொன்னது சரி. இந்த மாதிரிக் கேள்வி வந்தால் எனக்கு நாள் முழுக்க உற்சாகம்.

இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா, 1949. அந்தப் பணியின் 1961-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 8(2) என்று ஒரு விதி. பெண் அதிகாரி திருமணத்துக்கு முன் அரசின் எழுத்துபூர்வ அனுமதி பெற வேண்டும். திருமணத்துக்குப் பிறகும், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசுக்குத் தோன்றினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். ஆண் அதிகாரிக்கு அப்படி எதுவும் கிடையாது. இன்னொரு விதி, மணமான பெண் இந்தப் பணியில் நியமனத்தை உரிமையாகக் கோர முடியாது என்றது.

முத்தம்மா முப்பது வருடம் வேலை பார்த்தார், ஹங்கேரியில் தூதராக இருந்தார், அப்புறமும் மேல்நிலைப் பதவி உயர்வு மறுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் அரசு அவசரமாகப் பதவி உயர்வைக் கொடுத்துவிட்டது, மனு செல்லாமல் போகட்டும் என்று. 1979-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் மனுவை முடித்துவைத்தார், ஆனால் சும்மா முடிக்கவில்லை. பெண்ணுக்குக் குடும்பம் இடைஞ்சல் என்றால் ஆணுக்கும் அதே இடைஞ்சல்தானே என்று கேட்டு, பாகுபாட்டின் கறை படிந்த விதிகளையெல்லாம் திருத்தச் சொன்னார். மனு தள்ளுபடி, விதிக்கும் அடி.

"அந்த நாட்டில் அப்படித்தான்" என்று யாராவது ஆரம்பிப்பதற்கு முன்: பிரிட்டன் தன் தூதர் பணியில் பெண்களை 1946-ல்தான் சேர்த்தது, கல்யாணமானால் வெளியேறு என்ற விதியை 1973 வரை வைத்திருந்தது. அமெரிக்காவின் கதை இன்னும் ருசியானது. அங்கே 1972 வரை, தூதரக அதிகாரியின் வருடாந்தர மதிப்பீட்டு அறிக்கையில் அவருடைய மனைவி எப்படி விருந்து வைக்கிறார், எப்படிப் பழகுகிறார் என்பதற்கும் இடம் உண்டு. சம்பளம் ஒருவருக்கு, மதிப்பெண் இருவருக்கு. அந்த வருடம்தான் மனைவி தனி மனுஷி, ஊழியர் அல்ல என்று சுற்றறிக்கை விட்டார்கள்.

எந்த நாட்டின் கொள்கை அறிவிப்பை வாசித்தாலும், அதற்கு முன் அந்த நாட்டுத் தூதர் பணியின் விதிப்புத்தகத்தை ஒரு தடவை புரட்டுங்கள்.

ஊர்சுற்றி: பெண்கள் இயல்பிலேயே சமாதான விரும்பிகள்தானே?

மேலே அரைத்தூக்கத்துக்குச் சொன்னதுதான்.

நெருப்புக்கோழி: பெண்ணிய அரசு என்று பீற்றிக்கொண்ட சுவீடன் அமைச்சர்கள் டெஹ்ரானில் முக்காடு போட்டுக்கொண்டு வரிசையில் போனார்களே. அதோடு கதை முடிந்தது.

பாலம்: அந்த நாட்டுச் சட்டம் அது. போகாமல் இருந்தால் யாருக்கு லாபம்? நெருப்புக்கோழி எப்போதும் இப்படித்தான்.

நெருப்புக்கோழி: மிஷெல் ஒபாமா ரியாத்தில் போடவில்லையே? முதுகெலும்பு வேண்டும்.

கேள்வி கேட்கும் இடத்தில் நீங்கள் இரண்டு பேரும் முப்பது பதிவு சண்டை போட்டாயிற்று, இனி நானும் இறங்குகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். ரியாத்தில் வெளிநாட்டுப் பெண் தலைவர்கள் தலையை மூட வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, அதனால் 2015-ல் மிஷெல் ஒபாமாவும் 2017-ல் பிரிட்டன் பிரதமர் தெரசா மேயும் மூடாமல் போனார்கள். ஈரானில் அது சட்டம். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். 2017 பிப்ரவரியில் சுவீடனுக்கு வந்த சங்கடம் வேறு. அதற்குச் சில நாள் முன்புதான் துணைப் பிரதமர் இசபெல்லா லோவின், சுற்றிலும் பெண்கள் நிற்க, சட்ட வரைவில் கையெழுத்திடும் படத்தை வெளியிட்டு, ஆண்கள் புடைசூழ டிரம்ப் கையெழுத்திட்ட படத்தைக் கிண்டல் செய்திருந்தார். அடுத்த வாரம் டெஹ்ரான் படம். படத்தால் அரசியல் செய்தவர்கள் படத்தாலேயே அடி வாங்கினார்கள். எனக்கு அதில் பரிதாபம் இல்லை.

ஆனால் ஒரு துணித்துண்டைப் பற்றி இவ்வளவு கத்துகிற நீங்கள் இருவரும் 2015-ஐ ஏன் தொடவே இல்லை? அந்த மார்ச்சில் கெய்ரோவில் அரபு லீக் கூட்டத்துக்கு வால்ஸ்ட்ரோம் சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டிருந்தார். சவூதி வலைப்பதிவர் ரைஃப் பதாவிக்குக் கசையடி கொடுத்ததை அவர் ஏற்கெனவே கண்டித்திருந்தார். சவூதி எதிர்ப்பில் அவருடைய உரை ரத்தானது. உடனே சுவீடன், 2005 முதல் சவூதியோடு இருந்த ராணுவ ஒத்துழைப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்றது. சவூதி தூதரைத் திருப்பி அழைத்தது, வணிக விசாவை நிறுத்தியது. இதற்கெல்லாம் சில நாள் முன்பே சுவீடனின் பெரிய நிறுவனத் தலைவர்கள் முப்பது பேருக்கு மேல் ஒன்றுசேர்ந்து, ஒப்பந்தத்தை விட்டுவிடாதீர்கள் என்று பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். ஐரோப்பாவில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். கடைசியில் சுவீடன் தன் மன்னரின் கடிதத்தோடு ஆள் அனுப்பியது, மாதம் முடிவதற்குள் சவூதி தூதர் திரும்பி வந்தார். ஒப்பந்தம் திரும்பி வரவில்லை.

கனடாவைப் பாருங்கள். 2018-ல் கைதான பெண் உரிமைச் செயல்பாட்டாளர்களை விடுவிக்கச் சொல்லி ஒரு ட்வீட், அதற்கே சவூதி கனடியத் தூதரை வெளியேற்றியது. அந்தக் களேபரத்திலும் 2014-ல் போட்ட கவச வாகன விற்பனை ஒப்பந்தத்தைக் கனடா முறிக்கவில்லை. முதுகெலும்பை அளக்க வேண்டுமானால் அங்கே அளக்கலாம், நெருப்புக்கோழி.

நெருப்புக்கோழி: ஆக நான் சொன்னதுதான் சரி.

இல்லை.

கணக்குப்பிள்ளை: 95 சதவீத உதவி பெண்களுக்கு என்று கனடா சொன்னதே, பெரிய விஷயம்தானே?

பணப்பெட்டி! கடைசியில் ஒருவராவது கேட்டீர்கள். அது "பெண்களுக்கு" இல்லை, பாலின சமத்துவத்தை முக்கிய நோக்கமாகவோ துணை நோக்கமாகவோ கொண்ட திட்டங்களுக்கு. பணக்கார நாடுகளின் ஓ.இ.சி.டி. அமைப்பு வகுத்த முறைப்படி, உதவி தரும் நாடுகளே தங்கள் ஒவ்வொரு திட்டத்துக்கும் 0, 1, 2 என்று முத்திரை குத்துகின்றன. 2 என்றால் சமத்துவம்தான் திட்டத்தின் முதன்மை நோக்கம், 1 என்றால் பல நோக்கங்களில் அதுவும் ஒன்று. சாலை போடும் திட்டத்தில் பெண்களின் போக்குவரத்தையும் ஒரு நோக்கமாகச் சேர்த்தால் 1 வாங்கிவிடலாம். பொதுவாக இந்த நாடுகளின் உதவியில் 2 வாங்குவது சுமார் 4 சதவீதம்தான். அடுத்த முறை பெரிய சதவீதம் கண்ணில் பட்டால், அதில் எவ்வளவு 2 என்று கேளுங்கள்.

வெள்ளைத்தாள்: ஜெர்மனிக்கு விசா விண்ணப்பித்து மூன்று மாதமாகிறது...

வருத்தம்தான், ஆனால் தூதரகத்தின் உள்ளே நடப்பது எனக்குத் தெரியாது. அவர்களுடைய தளத்தில் பாருங்கள்.

ஒற்றைக்கொம்பு: ஒரு சொல்லுக்காக நாள்கணக்கில் சண்டை போடுவதால் எந்தப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது?

என் பிழைப்பையே கேட்கிறீர்கள். உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவில், எல்லா ஆண்களும் என்றும் பொருள் கொள்ளக்கூடிய ஆங்கிலச் சொல்தான் வரைவில் இருந்தது. இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா, இப்படி எழுதினால் சில நாடுகள் பெண்களை வெளியே விட்டுவிடும் என்று விடாப்பிடியாக நின்றார். 1948-ல் அது மனிதர் எல்லோரும் என்று மாறியது. தமிழில் "மனிதப் பிறவியினர் சகலரும்" என்று நாம் வாசிப்பதற்குப் பின்னால் அந்தச் சண்டை இருக்கிறது.

1995-ல் பெய்ஜிங்கில் நடந்த ஐ.நா. பெண்கள் மாநாட்டின் வரைவில் 'பாலினம்' என்ற சொல்லையே சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டார்கள். வரைவில் சதுர அடைப்புக்குறி என்றால் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். மாநாட்டின் தலைப்புப் பொருளுக்கே பூட்டு! தனிக்குழு போட்டு அதைத் திறந்தார்கள். அடைப்புக்குறியைப் போடுவது யார், எடுப்பது யார் என்பதுதான் நான் சொல்லும் பேனா.

ராப்பாடி: பெண்கள் இயற்கையாகவே...

வேண்டாம்.

சமையலறைச் சன்னல்: தூதர்கள் வீட்டில் வேலை செய்கிற பெண்களைப் பற்றி யாருமே கேட்கவில்லையே. அவர்களுக்கு இந்தக் கொள்கையில் இடம் உண்டா?

இன்றைக்கு வந்ததில் இதுதான் கேள்வி. பெரும்பாலான கொள்கை அறிவிப்புகளில் அவர்களைத் தேடினாலும் கிடைக்க மாட்டார்கள்.

1961 வியன்னா உடன்படிக்கையின்படி தூதரக அதிகாரி மேல் அவர் பணிபுரியும் நாட்டில் வழக்குப் போட முடியாது. ஒரு சில விலக்குகள் உண்டு, அதில் ஒன்று, அலுவல் வேலைக்கு வெளியே அவர் செய்யும் வணிகம். லண்டனில் ஓர் அதிகாரி வீட்டில் வேலை செய்த பிலிப்பைன்ஸ் பெண் வழக்குப் போட்டார். அவர் சொன்னவை: காலை ஏழு முதல் இரவு பதினொன்றரை வரை வேலை, லீவு கிடையாது. குப்பை போட மட்டும் வெளியே விடுவார்கள். சாப்பிட மிச்சம் மீதி. எந்நேரமும் அழைப்புமணிக் கருவியை உடம்பில் மாட்டிக்கொண்டே திரிய வேண்டும், கூப்பிட்டதும் ஓடி வர. வருடத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்குப் பேசலாம். அதிகாரி தரப்பு, எங்களுக்கு விலக்குரிமை உண்டு, வழக்கே செல்லாது என்றது.

2022 ஜூலையில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், அவர் சொன்னது உண்மையென்றால் இது சாதாரண வீட்டுவேலை அல்ல, நவீன அடிமைத்தனம், ஒருவரின் உழைப்பைப் பிடுங்கி லாபம் பார்ப்பது வணிகம்தான், ஆகவே விலக்குரிமை காப்பாற்றாது என்றது. ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் அந்தப் பக்கம், இரண்டு பேர் எதிர்ப்பக்கம். அது பிரிட்டன் நீதிமன்றங்களைத்தான் கட்டுப்படுத்தும். மற்ற நாடுகளில் அதே வியன்னா உடன்படிக்கையை அங்கங்கே இருக்கும் நீதிபதிகள் அவரவர் போக்கில் வாசிக்கலாம்.