சிக்கிள் செல் நோய் என்றால் வெறும் ரத்தக் குறைவுதானா?

குடியாத்தம் பக்கத்தில் ஆறாம் வகுப்பு எடுக்கும் ஒரு டீச்சர் கேட்டிருக்கிறார்: "என் வகுப்புப் பையனுக்கு சிக்கிள் செல் நோயாம். ரத்தம் கம்மி, அவ்வளவுதானே? ஏன் இத்தனை லீவு?"

அவ்வளவு இல்லை டீச்சர். வேலூரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கரிலிருந்து ரயிலேறி காட்பாடியில் இறங்கி வருகிற குடும்பங்களில் இந்த நோயுள்ள பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன், அவர்களில் பலர் முருங்கைக்கீரை, பீட்ரூட், இரும்புச்சத்து டானிக் எல்லாம் கொடுத்துக் களைத்த பிறகுதான் இங்கே வருகிறார்கள்.

சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். அது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிகளால் ஆனது; அதன் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். இவர்களுக்கு அங்கே வேலின் என்ற வேறொரு அமினோ அமிலம் இருக்கிறது. மாற்றம் அவ்வளவு சின்னது, ஆனால் ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் இந்த ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி நீள இழைகளாகி சிவப்பணுவையே அரிவாள் போல வளைத்துவிடும். 120 நாள் ஓட வேண்டிய அணு 10, 20 நாளில் உடைகிறது. கண் மஞ்சளாகத் தெரிவதும், சின்ன வயதிலேயே பித்தப்பையில் கல் வருவதும் அதனால்தான். பெரும்பாலும் இங்கே இரும்புக்குப் பஞ்சமே இல்லை, அதனால் டாக்டர் சொல்லாமல் இரும்பு மாத்திரை வேண்டாம்.

ரத்தக் குறைவு பாதிதான். வளைந்த அணுக்கள் விறைத்து, நாளச் சுவரில் ஒட்டி, நுண்நாளங்களை அடைத்துவிடும். அதற்கு அப்பால் உள்ள எலும்புக்கும் தசைக்கும் ஆக்சிஜன் போகாது. அதுதான் அந்த வலி. முதுகு, கை, கால், நெஞ்சு என்று எங்கே வேண்டுமானாலும் வரும், சிலருக்கு மார்ஃபின் போட்டால்தான் அடங்கும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், ரத்த ரிப்போர்ட் போன மாதம் மாதிரியே இருக்கலாம், உடனே "நடிக்கிறான்" என்று சொல்லிவிடுகிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வரும். வலிக்கிறது என்று பையன் சொன்னால் தயவுசெய்து நம்புங்கள்.

அடைப்பு மூளையில் வந்தால் குழந்தைக்கே பக்கவாதம் வரும். நுரையீரலில் வந்தால் உயிருக்கே ஆபத்து. இடுப்பில் பொருந்தும் தொடை எலும்பின் தலைப்பகுதி செத்து, இளம் வயதிலேயே நொண்டி நடப்பவர்கள் உண்டு.

சிறுநீரகத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உங்கள் வகுப்பறை விஷயம். இந்த நோயில் சிறுநீரை அடர்த்தியாக்கும் சக்தி குறைந்துவிடும், தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருக்கும், உடம்பு வறண்டால் அணுக்கள் இன்னும் வேகமாக வளையும். நம் ஊர் ஏப்ரல், மே வெயிலை நான் சொல்ல வேண்டியதில்லை. பாட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும், பாத்ரூம் கேட்டால் எத்தனை தடவையானாலும் அனுப்புங்கள். பி.டி. பீரியடில் வெயிலில் ஓடவிட வேண்டாம், மழையில் நனைந்தால் சட்டை மாற்றச் சொல்லுங்கள், குளிரும் வலியைக் கிளப்பும்.

இந்த நோய் ஒட்டாது, பரவாது. அப்பா, அம்மா இருவருமே அந்த மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு இந்த நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒடிசா, ஜார்க்கண்ட் என்று நான் சொன்னதால் இதை வெளி மாநில நோயாக நினைத்துவிடாதீர்கள், இந்தியாவில் இது முதலில் பதிவானதே 1952இல் நம் நீலகிரி மலைவாழ் மக்களிடம்தான். சொந்தத்தில் கட்டும் வழக்கம் நம்மிடம் இருப்பதால், குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் கல்யாணத்துக்கு முன்பே இருவரும் ஹீமோகுளோபின் வகையைப் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை பலருக்கு வலியைக் குறைக்கிறது. பொருந்தும் எலும்பு மஜ்ஜை கிடைத்தால் மாற்று சிகிச்சையில் குணமாகவும் வழியுண்டு, எல்லோருக்கும் அது அமைவதில்லை.

அப்புறம் காய்ச்சல். இவர்களில் பலருக்கு கிருமிகளை வடிகட்டும் மண்ணீரல் சின்ன வயதிலேயே சரியாக வேலை செய்யாமல் போய்விடுவதால் சில கிருமிகள் சில மணி நேரத்தில் ரத்தம் முழுக்கப் பரவிவிடும். வகுப்பில் உடம்பு சுட்டால் பாரசிட்டமால் கொடுத்து பெஞ்சில் படுக்க வைக்காதீர்கள். பெல் அடிக்கும்வரை காத்திருக்காமல் வீட்டுக்குப் போன் செய்து நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.