பூமியின் காந்தப்புலம் மின்கம்பியைத் தள்ளுமா? இரும்பு ஆணியை ஏன் இழுப்பதில்லை?

தள்ளும். ஆனால் கம்பி போகும் திசையைப் பொறுத்தது. வடசென்னையில் பூமியின் புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. ஏறக்குறையக் கிடைமட்டமாக வடக்கு நோக்கியிருக்கும். மின்னூட்டம் புலத்துக்குக் குறுக்கே ஓடினால்தான் விசை. அதனால் நேர் வடக்கே போகும் கம்பியில் விசை கிட்டத்தட்ட இல்லை. ராயபுரத்தில் கடலைப் பார்த்துக் கிழக்கே 100 ஆம்பியர் நேர்மின்னோட்டம் ஓடினால், மீட்டருக்கு 0.004 நியூட்டன், மேல்நோக்கி. அரை கிராம் எடைகூட இல்லை. வீட்டுக்கு வரும் மாறுமின்னோட்டத்தில் திசை மாறிமாறி வருவதால் சராசரி சுழி.

பயப்பட வேண்டியது பக்கத்துக் கம்பிக்குத்தான். 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு கம்பிகளிலும் 100 ஆம்பியர் ஓடினால் மீட்டருக்கு 0.02 நியூட்டன். ஷார்ட் சர்க்யூட்டில் அது 10,000 ஆம்பியர் ஆனால் 200 நியூட்டன், ஏறத்தாழ 20 கிலோ எடை! மின்னோட்டம் 100 மடங்கானால் விசை 10,000 மடங்கு. மின் பேனல் பெட்டிக்குள் பஸ்பார் (மின்னோட்டம் ஓடும் தடித்த உலோகப் பட்டை) தாங்கிகளை நெருக்கமாக வைப்பது இதற்காகவே.

ஆணி வேறு கதை. இரும்பு காந்தமாகி இரு முனைகளைப் பெறும். பூமியின் புலம் ஆணியளவு இடத்தில் சீரானது; சீரான புலத்தில் இரு முனைகள் மீதும் சமமான எதிர் விசைகள். திரும்பும், நகராது. இழுக்கப்பட வேண்டுமானால் புலம் இடத்துக்கு இடம் மாற வேண்டும், காந்த முனையருகே இருப்பதுபோல. துருவோ பெயின்டோ நடுவில் வந்தால் பிடி சட்டெனக் குறைவதும் அதனால்தான்.

சோதிக்க, மெல்லிய அலுமினியத் தாள் பட்டையைக் காந்தத்தருகே தளர்வாகத் தொங்கவிட்டு 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி மட்டும் இணையுங்கள். அதற்கு மேல் சூடாகும். காந்தம் ஈர்க்காத தாள் துள்ளும். பேட்டரியைத் திருப்பினால் எதிர்ப்பக்கம் துள்ளும்.