டாக்டர் கடிதம் இருந்தால் கார் கண்ணாடியைக் கறுப்பாக்கலாமா?

கேள்வி: எனக்கு லூபஸ் இருக்கிறது (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்). சிங்கப்பூரில் தினமும் புக்கிட் மேராவிலிருந்து உட்லண்ட்ஸுக்குக் கார் ஓட்டிப் போகிறேன். காலையில் வடக்கே போகும்போதும் சரி, மாலையில் தெற்கே திரும்பும்போதும் சரி, வெயில் வலப்பக்கம்தான். வெள்ளிக்கிழமைக்குள் வலக்கை சிவந்து தடித்துவிடுகிறது. டின்ட் கடைக்காரர், "டாக்டர் லெட்டர் மட்டும் கொண்டு வாங்க அக்கா, முன் கதவுக்கும் கறுப்பாவே ஒட்டித் தர்றேன்" என்றார். முன்பணமும் கட்டிவிட்டேன். ஒட்டலாமா?

பதில்: இப்போதைக்கு ஒட்டாதீர்கள். டாக்டர் கடிதம் ஒரு சான்று, அவ்வளவுதான். அதுவே அனுமதி ஆகிவிடாது. விதியிலிருந்து விலக்கு கேட்க வேண்டிய இடம் நிலப் போக்குவரத்து ஆணையம். முன் கண்ணாடியும் முன் கதவுக் கண்ணாடிகளும் குறைந்தது 70 விழுக்காடு வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்பது விதி. பின் கதவுக் கண்ணாடிகளுக்கு 25. கார் 3 வயதைத் தாண்டினால் 2 ஆண்டுக்கு ஒரு முறையும், 10 வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும். முன் கதவில் ஒட்டிய கறுப்பு டின்ட் அங்கே தேறாது. உரித்து மறுபடி ஒட்டும் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

ஆனால் உங்களுக்குக் கறுப்பு தேவையே இல்லாமல் இருக்கலாம். லூபஸ் உள்ள பலருக்குத் தொல்லை தருவது புற ஊதாக் கதிர். அது கண்ணுக்குத் தெரியாது. கறுப்பு நிறம் குறைப்பதோ கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை. பார்த்தால் ஒட்டியதே தெரியாத தெளிவான ஃபிலிம்களில், புற ஊதாவை 99 விழுக்காடு தடுப்பவை உண்டு. உங்கள் முன் கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்துச் செய்தது; அதுவே பெரும்பகுதியைத் தடுத்துவிடும். கதவுக் கண்ணாடி பெரும்பாலும் ஒற்றைத் தகடு. அதன் வழியே வரும் யு.வி.ஏ. என்ற வகைப் புற ஊதாக் கதிர்தான் உங்கள் வலக்கையைப் பதம் பார்க்கிறது என்று நினைக்கிறேன்.

வாங்கும்போது ஒரு கணக்கைப் பாருங்கள். கண்ணாடியே கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்றுவிடும். வெறும் கண்ணாடி 78 விழுக்காடு விடுகிறது, ஃபிலிம் அட்டையில் 80 என்று போட்டிருக்கிறது என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்தால் சுமார் 62தான், விதிக்கு ஆகாது. 90 என்று போட்ட ஃபிலிம் என்றால் 70ஐத் தொட்டுவிடும். அதனால் ஒட்டும் முன்பும் பின்பும் மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.

கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே ஒத்துக்கொள்ளாத நோய்களும் இருக்கின்றன. போர்ஃபைரியா என்ற அரிய நோயில் ஒரு வகை அப்படித்தான். அவர்களுக்குத் தெளிவான ஃபிலிம் போதாது, விலக்கு கேட்பதில் நியாயம் இருக்கிறது. நீங்களும் உங்கள் நிபுணரிடம் கேட்டுவிடுங்கள். அவரும் கறுப்புத்தான் வேண்டும் என்றால், என்ன நோய், எந்த ஒளி ஆகாது, தெளிவான ஃபிலிம் ஏன் போதாது, எந்தக் கண்ணாடிக்கு வேண்டும் என்று கடிதத்தில் விளக்கமாக எழுதித் தரச் சொல்லுங்கள். அதை ஆணையத்துக்கு அனுப்பி, எழுத்தில் பதில் வந்த பிறகே ஒட்டுங்கள். மழை இரவில் கறுத்த முன் கதவு வழியே பக்கத்தில் வரும் மோட்டார் சைக்கிள் சரியாகத் தெரியாது, அதையும் யோசியுங்கள்.

அதுவரை முழுக்கைச் சட்டையும் சன்ஸ்கிரீனும் கைகொடுக்கும். முன்பணத்தைத் தெளிவான ஃபிலிமுக்கு மாற்றித் தரக் கேளுங்கள். ரசீதில் ஃபிலிமின் பெயர், வெளிச்ச விழுக்காடு, புற ஊதா விழுக்காடு மூன்றையும் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் வேறு கடை பாருங்கள்.